நல்லசிவம் பெயர் எழுதிய தாள்

என் தம்பி நல்லசிவம் நின்றுகொண்டே வாசித்தவன். மாப்பிள்ளை காருக்கு முன்னால் நடந்துகொண்டு வாசித்தான், பிணத்துக்கு முன்னால் நடந்துகொண்டு வாசித்தான், தேர்தல் வந்தால் கட்சி வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டும் வாசித்தான். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கலர் நூல், தலையில் தொப்பி. அக்னி நட்சத்திரத்திலும் அதே கோட்டுதான். எங்கள் அப்பா போட்டிருந்த கோட்டு அது. அவர் போனதும் டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்து இவனுக்கு மாட்டிவிட்டார்கள். அப்போது இவனுக்கு மீசை முளைக்கவில்லை. கிளாரினெட் மட்டும் கைக்குச் சரியாக இருந்தது.

நான் இவனுக்கு மூத்தவள், தாயம்மா. மந்தைவெளி பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரே வீட்டில் கீழே நான், மேலே அவன் குடும்பம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறார்கள். தம்பிக்குத் தெரிந்தால் கோபம் வரும். வரட்டும். என்னோடு பேசுவதை அவன் நிறுத்தி ஒரு தீபாவளி போய்விட்டது, இதற்கு மேல் என்ன செய்துவிடுவான்?

நடுவில் சில வருஷம் அவன் உட்கார்ந்தும் வாசித்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சாந்தோமில் ஒரு மாஸ்டரிடம் வெள்ளைக்கார இசை நோட்டு படிக்கக் கற்றிருந்ததால் வடபழனி ஸ்டூடியோக்களில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., ஆளுக்கு ஒரு நாற்காலி. வந்து என்னிடம்தான் சொன்னான், "அக்கா, உக்காந்துகினு வாசிச்சா மூச்சு இன்னாமா நிக்குது தெரியுமா? வயித்துக்குள்ள ஊஞ்சல் கட்டினாப்ல கீது" என்று. ஆனால் அந்த நாற்காலியில் அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. படத்தில் பெயரும் வராது, முகமும் வராது. பிறகு கூப்பிடுவது குறைந்தது. மறுபடியும் வலியுல்லா பாயின் பேண்டு செட்டுக்கே வந்து கோட்டை மாட்டினான்.

அவன் மனைவி சுந்தரவல்லியும் நிற்கிறவள்தான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு. கடை ஆட்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது அவர்கள் தளத்துக்கும் ஸ்டூல் வந்தது. மேனேஜர் அதன்மேல் புடவைக் கட்டை அடுக்கி வைத்தார். சுந்தரவல்லி வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு, "அண்ணி, எங்க கடையில பொடவை உக்காந்துனு கீது, நாங்க நின்னுகினு கீறோம்" என்று சிரிப்பாள்.

இப்படி நின்று நின்றே காலம் தள்ளிய இருவருக்கும் ஒரே பெண், மதுமதி. அந்தப் பெண்ணுக்குக் கிளாரினெட் சொல்லிக்கொடுத்தது நல்லசிவம். தெருவில் நாலு பேர் கேட்டால் பேசுவார்கள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சொல்லிக்கொடுத்தான். "பொம்பளப் புள்ளைய பேண்டுல நிறுத்தப் போறியா?" என்று உறவில் கேட்டபோது அவனுக்கு வந்த கோபத்தை நான் பார்த்தேன். "எம் பொண்ணு ரோட்ல நிக்க மாட்டா. அவ உக்காந்து வாசிப்பா. நாலு பேரு டிக்கெட் வாங்கினு வந்து அவ மூஞ்சியப் பாத்துக் கேப்பான்." அதைத் தவிர அவன் சாமியிடம் வேறு எதையும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

மதுமதி பி.காம். முடித்து அடையாறில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தாள். அதே அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்கார இசை வாசிக்கிற குழு ஒன்று ஒத்திகை நடத்தியது. டாக்டர்கள், கம்ப்யூட்டர்காரர்கள், ரிட்டயரான ஆபீசர்கள், அறுபது பேர் இருப்பார்கள். எல்லோரும் ஆசைக்கு வாசிக்கிறவர்கள். இவள் போய் வாசித்துக் காட்டினாள், எடுத்துக்கொண்டார்கள். முதலில் இரண்டாவது கிளாரினெட். அப்புறம் முதல் கிளாரினெட் நாற்காலியில் இருந்தவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். இந்த வருஷக் கச்சேரிக்கு நீயே உட்கார், நன்றாகப் போனால் அடுத்த வருஷத்திலிருந்து அது உன் நாற்காலி என்று சொன்னார்கள்.

அன்றைக்கு நல்லசிவம் மந்தைவெளி மார்க்கெட்டில் வஞ்சிரம் மீன் வாங்கி வந்தான். அதை நான் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவன் அதற்கு முன்னாலும் பின்னாலும் வஞ்சிரம் வாங்கவில்லை.

கச்சேரிக்கான இசைத் தாள் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கூரியரில் வந்தது. வாடகைக்கு வந்ததாம். எனக்கு இது புதிதாக இருந்தது.

"பந்தலுக்கு வாடகை கேட்டிருக்கேன், பாத்திரத்துக்கு வாடகை கேட்டிருக்கேன். காயிதத்துக்கு வாடகையா?"

"ஆமா அத்தே. விக்க மாட்டாங்க. வாசிச்சுட்டு அப்படியே திருப்பி அனுப்பிடணும். பென்சில்ல எழுதினாக்கூட அழிச்சுட்டுத் தரணும்" என்றாள் மதுமதி.

"ஏன் அப்படி?"

"இத எழுதினவரு செத்து இன்னும் எழுபது வருஷம் ஆவல. அதுவரைக்கும் யாரு வாசிச்சாலும் அவரு குடும்பத்துக்குப் பங்கு போவணும். காப்பி எடுக்கக் கூடாது."

எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. பாட்டுக் கட்டினவன் பிள்ளைகள் சாப்பிட வேண்டாமா? எங்கள் அப்பா மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே ஒரு மெட்டுக் கட்டினார். சைதாப்பேட்டையிலிருந்து ராயபுரம் வரைக்கும் எல்லா செட்டும் அதை வாசிக்கிறது. யார் கட்டியது என்று வாசிக்கிறவனுக்கே தெரியாது. அவர்கள் ஊரில் அதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான்.

வந்த தாளில் ஒரு சிக்கல் இருந்தது. கிளாரினெட்டில் இரண்டு அளவு உண்டு. நம் ஆட்கள் வைத்திருப்பது குட்டை, அதற்கு பி பிளாட் என்று பெயர். அதைவிட ஒரு விரல் நீளமாக இன்னொன்று இருக்கிறது, ஏ கிளாரினெட். வெளிநாட்டு வாத்தியக்காரர்கள் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பார்களாம். மதுமதிக்கு வந்த தாள் நீளத்துக்கு எழுதியது. அவளிடம் இருந்தது குட்டை. அப்படியே வாசித்தால் ஒவ்வொரு சுரமும் அரை சுரம் ஏறிவிடும். கூட வாசிக்கிற அறுபது பேரும் ரோட்டில் போவார்கள், இவள் மட்டும் பிளாட்பாரத்தில் போவாள். நல்லசிவம் தாளைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் இறக்கி வாசித்துவிடுவான், பழக்கம். மகளுக்கு அந்த வேகத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் அரை சுரம் இறக்கிப் புதிதாக எழுதினால்தான் உண்டு.

குழுவின் செயலாளர் பத்ரிநாராயணன் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். ரிட்டயரான பெரிய அதிகாரி. சந்துக்குள் கார் வராது என்று டெப்போ பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். என் வீட்டில்தான் உட்கார்ந்தார், நான்தான் காபி போட்டேன். அதனால் அவர் பேசியதை நான் என் காதால் கேட்டேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒங்க பொண்ணு என்னமா வாசிக்கறா தெரியுமோ! நீளக் கிளாரினெட் ஒண்ணு வரவழைச்சுடலாம்னுதான் பார்த்தோம். நாளாயிடும்ங்கறா. நீங்க அந்தக் காலத்துல ஸ்டூடியோல இருந்தவராமே. இதைக் கொஞ்சம் எறக்கி எழுதிக் குடுத்துடுங்கோளேன்."

நல்லசிவம் தாளைத் திருப்பிப் பார்த்தான். "சார், காப்பி எடுக்கக் கூடாதுன்னு கீழ போட்டிருக்கே?"

"ஜெராக்ஸ்தானே எடுக்கப்படாது? நீங்க கையால எழுதப் போறேள். அதுக்கு என்ன?"

"அந்தக் கம்பெனியில ஒரு வார்த்தை கேட்டுக்கினா..."

"அவாளுக்கு எழுதி, அவா பதில் போட்டு, கச்சேரியே முடிஞ்சுடும். நான் இருக்கேன், எழுதுங்கோ." காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மாமி, காபி பேஷ்" என்றார். என்னை மாமி என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நல்லசிவம் எழுதினான். வேலை இல்லாத நாளெல்லாம் மாடியில் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினான். மேலே பிள்ளையார் சுழி. கீழே தன் பெயர், போன் நம்பர். இது எங்கள் செட்டு வழக்கம், ஸ்டூடியோ வழக்கமும் அதுதான். எழுதியவன் பெயர் போட வேண்டும், தப்பு இருந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரிய வேண்டும். வலியுல்லா பாய் வீட்டில் ஒரு தகரப் பெட்டி உண்டு, யார் எழுதிய தாளாக இருந்தாலும் அதற்குள் போய்விட வேண்டும். அடுத்து வருகிறவன் எடுத்து வாசிப்பான். எழுதினேன் என்று தாளை வீட்டுக்குக் கொண்டுபோகிறவனை எங்கள் ஆட்கள் திருடன் என்பார்கள். எங்கள் அப்பா அப்படி ஒருத்தனைச் செட்டைவிட்டே துரத்தியிருக்கிறார்.

கச்சேரி தி.நகரில் நடந்தது. நானும் போனேன். மேடை நடுவில் மதுமதி கறுப்பு உடை போட்டு உட்கார்ந்திருந்தாள், முதுகு சாயாமல். அவளுக்கு மட்டும் கொஞ்சம் தனியாக வருகிற இடம் ஒன்று இருந்தது. வயலின்காரர்கள் எல்லோரும் வில்லை மடியில் வைத்துவிட்டார்கள், அவள் ஒருத்தி மட்டும் வாசித்தாள். எனக்கு அந்த இசை புரியவில்லை, யாரோ தூக்கத்தில் பேசுவது போல இருந்தது. ஆனால் சுந்தரவல்லி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. திரும்பிப் பார்த்தால் நல்லசிவத்தைக் காணோம். பின்னால் எத்தனையோ இருக்கை காலியாக இருந்தும் அவன் கதவோரம் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எல்லோரும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மதுமதி தன் அப்பா எழுதியதைத் தனியே எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அது இன்னாத்துக்கு பையில?" என்றான் நல்லசிவம்.

"இது நீ எழுதினதுப்பா. அவங்களுது இல்லியே. வீட்ல வெச்சுக்கலாம்."

"திருட்டுப் பழக்கமா? செட்டுக்கு எழுதினது செட்டோட போவணும். நாளைக்கு இன்னொருத்தன் குட்டைய வெச்சினு முழிப்பான். அவனுக்கு ஆவும். உள்ள வை."

அவள் வைத்தாள். பத்ரிநாராயணன் உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை, எண்ணிக் கட்டி அனுப்பிவிட்டார். எங்கள் செட்டில் தாளை எடுத்துப்போனால் திருட்டு. அந்தக் கம்பெனிக்குத் தாளை வைத்துவிட்டுப் போனதே திருட்டாகிவிட்டது. அதை அவன் எங்கே கண்டான்?

ஆடி மாதத்தில் பத்ரிநாராயணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை காபி வேண்டாம் என்றார்.

கம்பெனிக்காரர்கள் வந்த தாளைச் சரிபார்த்திருக்கிறார்கள். அச்சடித்த தாளுக்கு நடுவில் கையெழுத்துத் தாள். அனுமதி இல்லாமல் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், உரிமைக்காரர்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது, இனி உங்கள் குழுவுக்குத் தாள் கிடையாது என்று எழுதிவிட்டார்களாம். கூடவே இன்னொன்றும் எழுதியிருக்கிறார்கள். குட்டைக் கிளாரினெட்டுக்கு இறக்கி எழுதிய தாள் அவர்களிடமே அச்சில் இருக்கிறதாம். கேட்டிருந்தால் மற்ற தாள்களோடு சேர்த்து அனுப்பியிருப்பார்களாம்.

நல்லசிவம் "அன்னிக்கு நான் கேக்கலாம்னு சொன்னேனே சார்" என்றான்.

"அதெல்லாம் இப்போ பேசி என்ன? நீங்க பேரையும் போன் நம்பரையும் போட்டு, பிள்ளையார் சுழியும் போட்டுன்னா அனுப்பியிருக்கேள்! அதை எதுக்குய்யா உள்ள வெச்சேள்?"

"செட்டுத் தாள் சார். வெக்காம?"

பத்ரிநாராயணன் தலையைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதர் மாதிரி அவர் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். குழு சொல்லி எழுதியது என்றால் இனித் தாளே வராதாம், குழுவே நின்றுபோகுமாம். ஒரு வாத்தியக்காரியின் அப்பா, விஷயம் தெரியாமல், யாரையும் கேட்காமல், தானாக எழுதிவிட்டார் என்றால் மன்னித்துவிடுவார்களாம். அபராதம் எதுவும் இவன் தலையில் விழாமல் குழு பார்த்துக்கொள்ளுமாம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

நான் குறுக்கே புகுந்தேன். "தானா எங்க எழுதினான்? நீங்கதான் எழுதச் சொன்னீங்க. இதோ இந்த நாற்காலில உக்காந்துகினு, காபி பேஷ்னு சொல்லிக்கினு. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"மாமி, எழுத்துல ஏதாவது இருக்கோ?"

"எனக்கு எழுத்தே தெரியாது. காது தெரியும்."

"அதான்" என்றார். அந்த 'அதான்' எனக்கு இன்னும் வயிற்றில் கிடக்கிறது.

பிறகு நல்லசிவத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒங்க பொண்ணோட நாற்காலியை யோசியுங்கோ. குழு இருந்தாத்தானே நாற்காலி?"

நல்லசிவம் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "செரி சார்" என்றான். மகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சுந்தரவல்லியிடமும் சத்தியம் வாங்கினான். சுந்தரவல்லி புருஷனுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். அடையாறில் பத்ரிநாராயணன் வீட்டில், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்களாம். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண், ரொம்ப மரியாதையாகப் பேசினாளாம். யாராவது எழுதச் சொன்னார்களா என்று இரண்டு தடவை கேட்டாளாம், இவன் இரண்டு தடவையும் இல்லை என்றானாம். திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "ஏ.சி. நல்லா கீது அவங்க வூட்ல" என்றான்.

கம்பெனி இறங்கி வந்தது. அடுத்த வருஷத்துக்குத் தாள் தரச் சம்மதித்தது. ஆனால் அந்த நல்லசிவம் என்கிற ஆள் இனி தங்கள் தாள் பக்கமே வரக் கூடாது என்று சொன்னதாம். இது நியாயம்தானே, திருடன் என்று ஒத்துக்கொண்டவனை யார் கிட்டே சேர்ப்பார்கள்?

புது ஒத்திகை தொடங்குகிற சமயத்தில் பத்ரிநாராயணன் மதுமதியைத் தனியே கூப்பிட்டார். நாற்காலி உனக்குத்தான் அம்மா, ஆனால் ஒரு சின்ன விஷயம் என்றார். கச்சேரிக்கு அச்சடிக்கிற புத்தகத்தில் வாத்தியக்காரர் பெயரெல்லாம் வரும். போன வருஷம் இவள் பெயர் மதுமதி நல்லசிவம் என்று வந்திருந்தது. அந்தப் புத்தகம் கம்பெனிக்கும் ஒன்று போகும். அவர்கள் கண்ணில் அந்தப் பெயர் பட்டால் சங்கடம். "அம்மா பேரைப் போட்டுக்கோயேன். மதுமதி சுந்தரவல்லி. இப்போ நிறைய பேர் அப்படித்தானே போட்டுக்கறா, பாக்கவும் நன்னா இருக்கு."

அப்பா பெயருக்கு என்ன சங்கடம் என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அவர் நடந்ததைச் சொன்னார். உங்கள் அப்பாவே ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் மதுமதி ஆபீஸ் உடுப்போடு வந்து வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நல்லசிவம் கீழே என் வீட்டில் உட்கார்ந்து கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். என் கண்ணுக்கு ஊசி கோர்க்க முடியவில்லை என்று அவனே தைத்தான்.

"நீயா போயி எழுதினேன்னு சொன்னியாப்பா?"

"ஆமா."

"ஏன்?"

"நாற்காலி."

"அந்தாளு கேட்டுத்தான எழுதின? அத்தே, நீ இருந்தல்ல?"

"இருந்தேன்" என்றேன். சத்தியம் முறிந்தால் முறியட்டும்.

"இப்ப உம் பேரையே எடுக்கச் சொல்றாங்க தெரியுமா?"

ஊசி நின்றது. அது அவனுக்குத் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"எடுத்துடு."

"இன்னாது?"

"எடுத்துடுன்றேன். பேரு இன்னா, அடுப்புல வெச்சு ஆக்கித் திங்கவா? எம் பேரு எந்தப் படத்துல வந்துச்சு? எங்கியும் வர்ல. நான் செத்தா பூட்டேன்? உங்கம்மா பேர போடு. அவளும் உன்னப் பெத்தவதான்."

சுந்தரவல்லி மாடிப்படியில் நின்றாள். "எம் பேரு வாணாம்" என்றாள். "எனக்கு இந்த வழியா வர்ற பேரு வாணாம்."

"நீ சும்மா இருடி. உக்காந்து வாசிக்கிற எடம் கெடைக்குது அவளுக்கு. நான் பொய் சொன்னது அதுக்குத்தான். ஒத்துக்கினது அதுக்குத்தான். இப்ப இவ வாணாம்னா நான் சொன்ன பொய்யி எதுக்கு? அவுரு வூட்டுக்குப் போயி ஒரு வெள்ளக்காரி முன்னால திருடன்னு சொல்லிக்கினு வந்தேனே, அது எதுக்கு?"

மதுமதி அழவில்லை. "நீ எழுதின தாள்ல உம் பேர போட்ட. ஏம்பா போட்ட?"

"தப்பு வந்தா என்னக் கேக்கணும்னு."

"நானும் அதான். தப்பா வாசிச்சா யாரு பொண்ணுன்னு கேக்கணும். பேரு இல்லாம நான் உக்கார மாட்டேன்."

நான் சொன்னேன், "செரியாச் சொல்ற. எழுந்து வந்துடு." இதைத்தான் என் தம்பி மன்னிக்கவில்லை. நீதான் தூண்டிவிட்டாய், எழுத்துத் தெரியாதவளுக்குக் கச்சேரியைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினான். எனக்குக் கச்சேரி தெரியாதுதான். அப்பன் பெயர் தெரியும். அன்றைக்கும் அதையே சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

அங்கேயே நின்று அவள் பத்ரிநாராயணனுக்கு போன் போட்டாள். வரவில்லை சார் என்றாள், வைத்துவிட்டாள். நல்லசிவம் கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே போனான். அன்றிலிருந்து மகளோடும் பேசுவதில்லை, என்னோடும் பேசுவதில்லை. சோறு போடு என்றுகூட சுந்தரவல்லி மூலமாகத்தான் சொல்கிறான்.

அந்த நாற்காலியில் இப்போது ஆஸ்திரேலியாவில் படித்து வந்த ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறானாம். அவனிடம் குட்டையும் இருக்கிறது, நீளமும் இருக்கிறது. பத்ரிநாராயணன் மார்கழியில் எங்களுக்கும் இலவசச் சீட்டு அனுப்பினார். நல்ல மனசுதான். நான் அதைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், உபயோகப்பட்டது.

தை பிறந்ததும் வலியுல்லா பாயின் செட்டில் இரண்டாவது கிளாரினெட் வாசித்தவர் துபாய்க்குப் போய்விட்டார். மதுமதி போய், "பாய், நான் வரேன்" என்றாள். நல்லசிவம் ஒத்துக்கொள்ளவில்லை. பொண்ணை ரோட்டில் நிறுத்த மாட்டேன் என்று பாயோடு சண்டைக்குப் போனான்.

வலியுல்லா பாய் டிரம் அடிக்கிறவர், சத்தத்துக்குப் பழகியவர். "மச்சி, செட்டு உன்னுதா, என்னுதா? ஆளு இல்லாம உங்க தாத்தா வந்து வாசிப்பாரா?" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த சிவப்புக் கோட்டை அவளிடம் கொடுத்தார். அவள் ஊசி கோர்த்துக் கொடுக்க, நான்தான் அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்கும் சேர்த்து அவன் என்மேல் கோபமாக இருக்கிறான்.

போன வைகாசி முகூர்த்தத்தில் வடபழனியில் ஒரு கல்யாணம். கோயிலுக்குக் கும்பிடப் போன நானும் பார்த்தேன். ஒரே நாளில் எத்தனையோ கல்யாணம், தெரு முழுக்கக் கார். எங்கள் செட்டு மண்டபத்து வாசலில் வெயிலில் நின்றது. மாப்பிள்ளை வண்டி டிராபிக்கில் மாட்டிக்கொண்டது. நல்லசிவமும் மதுமதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒரே கோட்டு, ஒரே தொப்பி. முகஜாடையும் ஒன்றுதான். நடுவில் பாய்தான் தபால்காரர்.

"பாய், அடுத்தது இன்னா பாட்டுன்னு கேளு."

"இன்னா பாட்டுன்னு கேக்குறாமா உங்கப்பன்."

"அவருக்குப் புடிச்சத வாசிக்கச் சொல்லுங்க பாய், நான் கூட வரேன்."

"உனக்குப் புடிச்சத வாசிக்கணுமாம்பா. த்தூ, அரை அடி தள்ளி நின்னுகினு... உங்களுக்கு நடுவுல நானு. பாகிஸ்தான், இந்தியா கூட இதவிட நல்லாப் பேசிக்கினு கீது."

மண்டபத்து ஆள் ஒருவர் அந்தப் பெண் நிற்பதைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அவளருகே போட்டார். "உக்காரும்மா, வண்டி வர நேரமாவும்."

மதுமதி தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அவளே ஒரு வார்த்தை வைத்துப் பார்த்தாள். "நீ உக்காருப்பா" என்றாள்.

அவன் ரோட்டையே பார்த்தான். "பாய், அவகிட்ட சொல்லு. நாற்காலி குடுத்தப்ப வாணாம்னவ, இப்ப நிக்கட்டும்."

பாய் இதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அவள் காதில் விழுந்துவிட்டது. முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. கிளாரினெட் ரீடை வாயில் வைத்து ஈரம் பண்ணிக்கொண்டாள். நின்றாள். அவனும் உட்காரவில்லை. அந்த நாற்காலி இரண்டு பேருக்கும் நடுவில் வெயிலில் கிடந்தது.

கடைசியில் வலியுல்லா பாய் தோள் வலிக்கிறது என்று முனகிக்கொண்டே பட்டையைக் கழற்றி டிரம்மை அதன்மேல் வைத்தார்.

அப்புறம் வண்டி வந்தது. பாய் டிரம்மை எடுத்து மாட்டிக்கொண்டார். நல்லசிவம் எங்கள் அப்பா கட்டிய மெட்டை எடுத்தான். மதுமதி அவனுக்குக் கீழ்ச் சுரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள், ஒரு சுரம்கூடத் தவறவில்லை. காரிலிருந்து இறங்கிய மாப்பிள்ளைக்கு அது யார் மெட்டு என்று தெரியாது. வாசித்துக்கொண்டே இருவரும் நடந்து போனார்கள்.